அடுத்தவர் எழுதியதற்கு நான் பொறுப்பா? ஊர்த் தளம் நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெல்லைச் சீமையில் இன்று ஊர்ப் பெயரில் இணையதளம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடகை வீடு, நிலம் விற்பனை, கோயில் கொடை அறிவிப்பு, பஞ்சாயத்துக் குறைகள் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். நடத்துகிறவருக்கு வேறொரு பிழைப்பு இருக்கும். தளம் ஊர்ப் பாசத்தில் ஓடும். திடீரென்று ஒரு வக்கீல் நோட்டீஸோ காவல் நிலையத்திலிருந்து ஓர் அழைப்போ வந்ததும், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு ஓடி வருகிறார்கள். வழக்கறிஞரான என்னிடம் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் தளத்தில் எவனோ எழுதிப் போட்டதற்கு என்னைப் பிடித்து உள்ளே போட முடியுமா?

பொதுவாக முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79, பிறர் போடும் தகவலுக்கு இடம் மட்டும் கொடுப்பவரை அந்தத் தகவலுக்குப் பொறுப்பாளியாக்கக் கூடாது என்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. அந்தத் தகவலைக் கிளப்பியது நீங்களாக இருக்கக் கூடாது. அது யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. அதில் உள்ளதைப் பொறுக்கியோ மாற்றியோ இருக்கக் கூடாது. விதிகள் சொல்லும் கவனக் கடமைகளைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டு காரணங்களால் பாதுகாப்பு போய்விடும். ஒன்று, எழுதியவரோடு நீங்களும் சேர்ந்திருந்தால், அதாவது தூண்டியிருந்தால் அல்லது உடந்தையாக இருந்திருந்தால். மற்றொன்று, சட்டப்படி உங்களுக்குத் தெரிய வந்த பிறகும் நீக்காமல் விட்டிருந்தால். கைதே நடக்காது என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. பிரிவு 79 நீங்கள் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டிய வாதம். அதற்கான காகிதம் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கடைசியில் பேசும்.

இதெல்லாம் கூகுள், ஃபேஸ்புக் மாதிரி பெரிய கம்பெனிகளுக்கான சட்டம்தானே? நான் வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்.

உங்களுக்கும் உண்டு. பாதுகாப்பும் உண்டு, கடமையும் உண்டு. இன்னொருவர் சார்பாகத் தகவலைப் பெற்று, சேமித்து, அனுப்புகிற எவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் இடைநிலையாளர்தான். தொலைபேசி நிறுவனம், சர்வர் வாடகைக்கு விடுபவர், தேடுபொறி, ஆன்லைன் சந்தை, ஏன், சைபர் கஃபே கூட அந்த வரையறையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

பெரியவர்களுக்குக் கூடுதல் சுமை இருக்கிறது. இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமான பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட சமூக வலைதளங்கள் தனி அதிகாரிகளை நியமிக்க வேண்டும், மாத அறிக்கை வெளியிட வேண்டும். நம் ஊர்த் தளங்களுக்கு அது பொருந்தாது.

முன்பு ஒரு கம்பெனித் தலைவரையே கைது செய்தார்களே, அது எப்படி?

2004இல் நடந்தது. பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் ஒரு மாணவர், பள்ளிப் பிள்ளைகளின் அந்தரங்கக் காட்சியை விலைக்குப் போட்டார். தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அவர் அதைப் போடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நிறுவனத்தையே குற்றவாளியாகச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் சேர்த்தது செல்லாது என்ற அடிப்படையில் 2012இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு விடிவு வந்தது. எட்டு ஆண்டு அலைச்சல்.

அன்றைய பிரிவு 79 மிகக் குறுகியது. இந்த வழக்கு எழுப்பிய விவாதத்துக்குப் பிறகு 2008இல் சட்டம் திருத்தப்பட்டது. 27 அக்டோபர் 2009 முதல் இப்போதுள்ள வடிவம் அமலில் இருக்கிறது. ஆகவே 2004ஐ நினைத்து யாரும் தளத்தை மூட வேண்டியதில்லை.

சரி, நான் என்னென்ன செய்து வைத்திருக்க வேண்டும்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2021 பிப்ரவரியில் வந்த விதிகள்தான் அடிப்படை. தளத்தில் எதை எழுதக் கூடாது என்ற நிபந்தனைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் கண்ணில் படும்படி வையுங்கள். அவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பயனர்களுக்கு நினைவூட்டுங்கள். குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். சிறு தளமென்றால் நீங்களே அந்த அலுவலராக இருக்கலாம். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில், 15 நாளில் தீர்வு என்பது 2021 விதிகள் வைத்த கணக்கு; 2026 பிப்ரவரித் திருத்தம் தீர்வுக்கான கெடுவை 7 நாளாக்கியது. பின்வந்த திருத்தங்கள் இத்தகைய கெடுக்களைக் குறைத்தபடியே இருப்பதால், இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் நாட்களையும் மணிகளையும் அதிகபட்சமாக மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சட்டத்தில் நேரடியாக இல்லாத ஒன்றையும் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் புகார், எந்தத் தேதி, என்ன நேரம், யாரிடமிருந்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனால் அதைக் காட்ட ஒரு வரி கூட வைத்திருப்பதில்லை.

ஒரு காண்டிராக்டரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ரோடு போட்ட லட்சணத்தைப் பற்றி ஒருவர் எழுதியதை உடனே எடுக்க வேண்டுமாம். எடுக்கவா?

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பு எழுதும் கடிதம். அது உத்தரவு ஆகாது. இதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்பு சொன்னது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட பிரிவு 66ஏ ஒழிந்ததற்காகத்தான் அந்தத் தீர்ப்பை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். தளம் நடத்துகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்மை அதில் இருக்கிறது. பிரிவு 79இல் 'தெரிய வந்த பிறகும் நீக்கவில்லை' என்பதற்கு, நீதிமன்ற உத்தரவு மூலமோ உரிய அரசின் அறிவிக்கை மூலமோ தெரிய வந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பொருள் சொன்னது. அதுவும் பேச்சுரிமைக்கு வரம்பு வைக்கும் அரசியல் சாசனப் பிரிவு 19(2) சொல்லும் காரணங்களுக்குள் அடங்க வேண்டும். வருகிற ஒவ்வொரு கோரிக்கையிலும் எது நியாயம் என்று தளம் நடத்துகிறவரே நீதிபதியாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதே காரணம்.

ஆகவே நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள். 'புகார் கிடைத்தது, எழுதியவருக்குத் தெரிவித்திருக்கிறோம், நீதிமன்ற உத்தரவு கொண்டுவந்தால் அதன்படி நடப்போம்' என்று மரியாதையாக நாலு வரி போதும். பதிலே போடாமல் விடுவது தவறு. சாலை, குடிநீர், ஆற்று மணல் பற்றி மக்கள் எழுதுவதை நோட்டீஸுக்குப் பயந்து அழித்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக இரா.நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2010இல் தடை வாங்கியது இந்த மண்ணின் வரலாறு. கேள்வி கேட்கும் வழக்கம் இங்கே பழையது. அதற்கு இடம் கொடுக்கும் தளங்கள் நிலைக்க வேண்டும்.

அப்படியென்றால் கோர்ட் உத்தரவு வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மேலே சொன்னது மதிப்பு, விமர்சனம், அவதூறு பற்றிய தகராறுகளுக்கு. சில விஷயங்களில் ஒரு நிமிடம் காத்திருப்பதும் பாவம்.

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம், அல்லது அவர் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம் வந்திருக்கிறது என்று அவரோ அவர் சார்பில் ஒருவரோ சொன்னால், 2021 விதிகளே முதலில் 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லின, 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டது; உத்தரவெல்லாம் கேட்கக் கூடாது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் காட்சி என்றால் நீக்குவதோடு கடமை முடிவதில்லை, காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: போக்சோ சட்டப்படி புகார் தெரிவிக்காத தளம் பிரிவு 79இன் பாதுகாப்பைக் கேட்க முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர், ஊர், தெரு, படம் எதுவும் தளத்தில் தங்கக் கூடாது. அனுதாபத்தோடு எழுதியிருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

நீங்களாக நீக்கினால் 'தகவலில் கை வைத்தவர்' ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். விதிகளை மீறிய பதிவை நீக்குவதால் பாதுகாப்பு போகாது என்று 2021 விதிகளே சொல்கின்றன.

எங்கள் பக்கத்தில் ஜாதி விஷயம் உடனே பற்றிக்கொள்ளும். அதற்கு என்ன செய்வது?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்ததும் இங்கே யாருக்கும் மறக்காது. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அப்படிப்பட்ட மண்ணில், ஒரு ஜாதியை இழித்து எழுதிய நாலு வரியும் அரிவாளோடு எடுத்த படமும் தளத்தில் ஓர் இரவு கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இங்கே கடுமையானது. பிரிவினரிடையே பகை வளர்ப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 196இல் வரும். காவல் துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகை மூட்டும் எழுத்து என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(யு) இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பிரிவு 18 முன்ஜாமீனுக்கே இடமில்லை என்கிறது. எழுதியவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் பதிவு வந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள் அதற்குக் கீழே 'சரியாகச் சொன்னாய்' என்று எழுதினீர்கள், அல்லது எல்லோரும் பார்க்கட்டும் என்று மேலே ஏற்றி வைத்தீர்கள் என்றால், முதல் பதிலில் சொன்ன 'உடந்தை' என்ற இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள்.

என் ஆலோசனை: கொடை, தேர்த் திருவிழா, தலைவர்களின் குருபூஜை, தேர்தல் நாட்களில் தளத்தைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் புதிய பதிவு போடும் வசதியை நிறுத்தி வையுங்கள். வந்துவிட்டால் பதிவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள், எழுதியவரின் கணக்கை முடக்குங்கள், மிரட்டலாக இருந்தால் காவல் துறைக்குச் சொல்லுங்கள். மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியாக சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

நான் ஒவ்வொன்றையும் படித்து, திருத்தி, நல்ல தலைப்பு வைத்துத்தான் வெளியிடுகிறேன். அது நல்லதுதானே?

நல்ல பத்திரிகை ஆசிரியரின் வேலை அது. ஆனால் அந்த வேலையைச் செய்தால் பொறுப்பும் ஆசிரியருடையதுதான். வாசகர் 'தெருவிளக்கு எரியவில்லை' என்று எழுதியதை நீங்கள் 'தெருவிளக்குப் பணத்தை விழுங்கிய தலைவர்' என்று தலைப்பிட்டால், அந்தத் தலைப்பு உங்கள் எழுத்து. அதற்குப் பிரிவு 79 உதவாது.

எழுத்தின் அளவைத் தானாக மாற்றுவது, படத்தைச் சுருக்குவது போன்ற இயந்திர வேலைகள் கணக்கில் வராது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தின் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. மனிதக் கை பட்டு உள்ளடக்கம் மாறும்போதுதான் சிக்கல். ஒரு பதிவு சரியில்லை என்றால் முழுதாக நீக்குங்கள், அல்லது எழுதியவரிடமே திருத்தச் சொல்லுங்கள். பாதி வரியை வெட்டிப் பாதியை விடாதீர்கள்.

அவதூறு என்று ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள். எஸ்.ஐ. போனிலேயே 'எடுத்துவிடு' என்கிறார்.

அவதூறு மட்டும்தான் புகார் என்றால் காவல் துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் இது பிரிவு 356. அதிகபட்சம் இரண்டு ஆண்டு. வேறு பிரிவுகளையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீக்கச் சொல்லும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பதிவு, எந்தச் சட்டப் பிரிவு, என்ன காரணம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் அமலில் உள்ள திருத்தப்படி, காவல் துறையிலிருந்து வரும் இத்தகைய அறிவிப்பை டிஐஜி நிலைக்குக் குறையாத, இதற்கென அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரிதான் கொடுக்க முடியும். போனில் சொன்னால் பணிவாக, 'ஐயா, எழுத்தில் கொடுங்கள், உடனே செய்கிறேன்' என்று சொல்லுங்கள். விசாரணைக்கு அழைப்பாணை வந்தால் அவசியம் போங்கள், உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு.

எழுதியது உண்மைதானே, பிறகு எப்படி அவதூறு?

உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்ற வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் இருக்க வேண்டும். பஞ்சாயத்து நிதி பற்றிய உண்மை பொது நன்மை. ஒருவர் வீட்டுச் சண்டை பற்றிய உண்மை அப்படி ஆகாது. நிரூபிக்க வேண்டியவர் எழுதியவர்தான். அதனால்தான் நோட்டீஸை அவருக்கு அனுப்பி வையுங்கள் என்றேன்.

எழுதியவர் யார் என்று போலீஸ் கேட்டால் சொல்லியே ஆக வேண்டுமா? அவர் என்னை நம்பி எழுதியவர்.

அதிகாரம் பெற்ற அமைப்பு, எந்த விசாரணைக்காக என்று குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால் கொடுக்க வேண்டும். 2021 விதிகள் 72 மணி நேரம் தருகின்றன. நீக்கிய பதிவையும் அது சார்ந்த பதிவேடுகளையும் விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். அடியோடு அழித்தால் சாட்சியத்தை அழித்த பழி உங்கள் மேல் வரும்.

தனி ஆள் கேட்டால் கொடுக்காதீர்கள். மணல் பற்றி எழுதியவர் யாரென்று மணல்காரர் கேட்டு நீங்கள் சொல்லிவிட்டால், அதன் விளைவை எழுதியவரின் குடும்பம் சுமக்கும். எழுதியவரின் செல்போன் எண்ணை மணல்காரர் நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெறட்டும்.

தளம் இல்லை, தெரு வாட்ஸ்அப் குழுதான். நான் அட்மின். எனக்கும் இதே கதையா?

நீதிமன்றங்கள் அட்மின் பக்கமே நின்றிருக்கின்றன. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் மதுரைக் கிளை, அவர் அட்மினாக மட்டுமே இருந்தது தெரிய வந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் மும்பை உயர் நீதிமன்ற நாக்பூர் கிளையும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே கருத்தைச் சொல்லின.

ஒன்றைக் கவனியுங்கள். ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் தவிர அட்மினுக்கு வேறு அதிகாரம் இல்லை என்பது அந்தத் தீர்ப்புகளின் முக்கியக் காரணம். 2022இல் அடுத்தவர் போட்ட செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி அட்மினுக்கு வந்துவிட்டது. பார்த்தேன், அழிக்க முடியும், அழிக்கவில்லை என்ற நிலையில் ஒருவர் நாளை நீதிமன்றத்தில் நின்றால் பழைய தீர்ப்புகள் முழுதாகக் காப்பாற்றும் என்று நான் நம்பி இருக்க மாட்டேன்.

நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன், அவ்வளவுதான்.

அது உங்கள் செயல். இடைநிலையாளர் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் வழக்கில், பகிர்வது ஒப்புக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. வழக்கை ரத்து செய்ய 2023இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

ஆனித் தேரோட்டத்தை ஒருவர் எடுத்த படம். இன்னொருவர் தன் படம் போல எங்கள் தளத்தில் போட்டிருக்கிறார். எடுத்தவர் சண்டைக்கு வருகிறார். இதற்கும் கோர்ட் உத்தரவு கேட்கலாமா?

கேட்காதீர்கள். பதிப்புரிமைக்குத் தனி வழி இருக்கிறது. எந்தப் படம், எங்கே இருக்கிறது, தனக்கு என்ன உரிமை என்று உரியவர் எழுத்தில் தெளிவாகக் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். 21 நாளுக்குள் அவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் படத்தைத் திரும்ப வைக்கலாம். மேலே சொன்ன மைஸ்பேஸ் தீர்ப்பும் பதிப்புரிமையில் குறிப்பான தகவல் கிடைத்தாலே போதும் என்ற பக்கம்தான் நிற்கிறது.

எங்கள் தளத்தில் கடைக்காரர்கள் பொருள் விற்கிறார்கள். ஒருவர் பத்தமடைப் பாய் என்று வேறு ஊர் பிளாஸ்டிக் பாயை விற்றால்?

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரில் போலியை விற்பவர் தனிக் குற்றம் செய்கிறார். நீங்கள் இடம் மட்டும் கொடுத்தால் பிரிவு 79 உண்டு. 2020இன் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரத்தைக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் நீங்களே 'அசல் பத்தமடை, எங்கள் உத்தரவாதம்' என்று முத்திரை போட்டு விற்றால் கடைக்காரரோடு நீங்களும் நிற்க வேண்டியதுதான். கோரையைக் கிழித்து நெய்து வயிறு வளர்க்கும் குடும்பங்களின் பெயர் அது. புகார் வந்தால் விசாரித்து, போலி என்று தெரிந்ததும் அந்த விற்பனையாளரை வெளியே அனுப்புங்கள்.

சர்வர் அமெரிக்காவில், தளத்தை ஓட்டும் என் தம்பி துபாயில். நெல்லை கோர்ட் என்ன செய்துவிட முடியும்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 75, இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் பொருந்தும் என்கிறது. தீங்கின் விளைவு எங்கே ஏற்பட்டதோ அந்த ஊரிலும் வழக்கு நடக்கலாம். தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வர வேண்டுமல்லவா? உத்தரவு வந்தால் அவரையும் மதிக்கச் சொல்லுங்கள்.

நாலு வருடம் முன்பு வந்த பதிவுக்கு இப்போது நோட்டீஸ். செல்லுமா?

அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட, பதிவு வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் காலம். குற்ற வழக்குக்கு மூன்று ஆண்டு. பதிவு இன்னும் தளத்தில் இருப்பதால் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்குத் தொடங்கும் என்ற வாதத்தை 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய பதிவை யாராவது இன்று மறுபடி எடுத்துப் போட்டால் மட்டும் கணக்கு அன்றிலிருந்து தொடங்கக்கூடும். ஆகவே நோட்டீஸ் வந்த பயத்தில் அந்தப் பதிவை மேலே ஏற்றி 'இதோ பாருங்கள்' என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். பதிலை நோட்டீஸ் அனுப்பியவருக்கு மட்டும் அனுப்புங்கள். பதிவு வெளியான தேதியை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.